ஒரு சொட்டு நெயில் பாலிஷ்

தராசு பழுதுபார்க்கிறவர் மனிதர்களை நம்ப ஆரம்பித்தால், கடையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட வேண்டியதுதான். அப்படி ஆரம்பித்துவிடாமல் ஆயுள் முழுக்க ஜாக்கிரதையாக இருந்தவர் முள்ளுக்காரர். கடைவீதி அவருக்கு வைத்த பெயர் அது. வட்ட முகமும் ஒற்றை முள்ளும் உள்ள ஸ்பிரிங் தராசைத் தவிர வேறெதையும் அவர் கை தொடாது. காய்கறிக் கடைக்காரர் தராசை நீட்டி, "கொஞ்சம் நம்ம பக்கம் பாத்து..." என்று தலையைச் சொறிந்தால் போதும், தராசை அவர் கையிலேயே திருப்பித் திணித்து வாசலைக் காட்டுவார். அவர் கண்ணுக்கு உலகத்தில் இரண்டே ஜாதி. மாட்டிக்கொண்ட திருடன், இன்னும் மாட்டாத திருடன்.

அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. தராசைச் சரிசெய்து மூடுமுன், உள்ளே ஸ்பிரிங்கை இறுக்கும் திருகாணியின் தலையில் ஒரு சொட்டுச் சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பார். காய்ந்தபின் யாராவது அதைத் திருகினால் பூச்சு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். வளையலும் பொட்டும் விற்கிற கடையில் போய் நின்று, நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு, "அதே சிவப்புல ஒண்ணு குடும்மா" என்று அவர் கேட்பதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு விரலுக்காவது வைத்துவிடச் சொல்லி அழுதிருக்கிறாள். தொழில் சாமான் விளையாட்டுக்கில்லை என்று மறுத்துவிட்டார். கல் நெஞ்சுக்காரர் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தக் கல் நெஞ்சுதான் தளர்ந்துபோனது.

மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது, படுத்தால் இருமல் வந்தது, ஒருநாள் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, உடம்பில் தேங்கிய நீரையெல்லாம் மருந்து கொடுத்து இறக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க இதயம் பலவீனமா இருக்குங்க ஐயா. ரத்தத்தை முழுசா வெளிய தள்ள முடியல. உள்ளயே தேங்குது. தேங்கத் தேங்க இதயம் விரிஞ்சு குடுத்துக்கிட்டே போகும்."

"விரிஞ்சா என்ன?"

"இதயம் துடிக்கிறதே உள்ள ஓடுற ஒரு மின்சாரத்துலதான். சுவர் இழுபட்டு, அங்கங்க தழும்பு விழுந்தா, அந்த மின்சாரம் வழி தப்பிப் போகும். துடிப்பு தாளம் தப்பிடும். தாளம் தப்புனா இதயம் இன்னும் தளரும். தளர்ந்தா இன்னும் தப்பும். ரத்தம் உள்ளயே நின்னு உறைஞ்சு, அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா வாதம் வரும். சில வகைத் தாளம் ஆளையே கொண்டுபோயிடும்."

"எனக்கு இப்பத் தப்புதா?"

"இல்ல. தப்பாம பாத்துக்கணும். தினம் காலைல எழுந்ததும் எடை பாருங்க. எடை சட்டுனு ஏறுனா அது சதையில்ல, தண்ணி. அன்னைக்கே கிளம்பி வந்துடணும். நெஞ்சு படபடன்னு அடிச்சாலும் வரணும். மறைக்கக் கூடாது."

"மறைக்கிறதா? நானா?" என்று சீறினார் முள்ளுக்காரர். அவர் மனைவி, "அவங்க சொல்றதக் கேளுங்க" என்று தோளைத் தட்டி அடக்கினாள்.

உள்ளுக்குள் அவருக்கு ஒரு திருப்திதான். கண்ட கண்ட மாத்திரையை விடத் தராசை நம்பிச் செய்கிற வைத்தியம், ஏதோ விஷயம் தெரிந்த பொம்பளைதான் என்று நினைத்தார். அந்தத் திருப்தி வீடு வந்து சேரும் வரைதான் நிலைத்தது. வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார், கையில் ஒரு புத்தம்புது எடை பார்க்கும் தராசோடு.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் எலக்ட்ரானிக் தராசுகள் விற்கிறவர். பட்டனைத் தட்டினால் எண் ஒளிரும் சரக்கு. அதனால் மாமனார் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் 'பட்டன்'. கல்யாணமான புதிதில் ஒருநாள், "உங்க கடையையும் எலக்ட்ரானிக்கா மாத்திடலாமே மாமா" என்று அந்த மனிதர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் முள்ளுக்காரர் காதில் அது, 'நீங்க எப்ப இடத்தைக் காலி பண்றீங்க?' என்றுதான் விழுந்தது. அன்றிலிருந்து மாப்பிள்ளை ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் மாமனார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

"வாங்க மாப்பிள்ளை" என்று வாய் நிறையச் சொன்னார். கண் தராசின் மேலேயே இருந்தது. முள் தராசு! ஊருக்கெல்லாம் பட்டன் விற்கிறவர் மாமனாருக்கு மட்டும் முள் வைத்த தராசு ஏன் வாங்கி வருகிறார்? எங்கேயோ இடிக்கிறதே!

"இந்த பிபி மெஷினும் வச்சுக்குங்க மாமா. கையில கட்டிக்கிட்டு இந்த பட்டனைத் தட்டுனாப் போதும். துடிப்பு தாளம் தப்புனா மூலையில ஒரு இதயப் படம் மின்னும்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்" என்றார் முள்ளுக்காரர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிற கதை அவருக்குத் தெரியாததா?

முதல் சில நாட்கள் முள் ஆஸ்பத்திரி சொன்ன எடையிலேயே நின்றது. பிறகு மெல்ல நகர ஆரம்பித்தது. ஒருநாள் ஒரு கோடு, மறுநாள் அதற்கும் மேலே. முள்ளுக்காரர் இறங்கி ஏறிப் பார்த்தார். தராசைச் சமையலறைக்கு இழுத்துப் போய்ப் பார்த்தார், கூடத்தில் வைத்துப் பார்த்தார். முள் அசைந்து கொடுக்கவில்லை. சோறோ பாதி வயிற்றுக்குத்தான் இறங்குகிறது. உப்பில்லாத பண்டத்தைக் குப்பையில் போடு என்பார்கள், இவர் அதைத்தான் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறார். அரைப்பட்டினி கிடக்கிறவன் பெருப்பதை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்?

ஆக, பொய் சொல்வது தராசு. தராசு தானாகப் பொய் சொல்லாது, யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மனசு கடகடவென்று கோர்த்துக்கொண்டு போயிற்று. எடை ஏறினால் டாக்டரம்மா படுக்கச் சொல்வார். படுத்தால் கடை மூடும். மூடின கடைக்குச் சாவி யார் கைக்குப் போகும்? அடடா, பட்டன்! என்ன மூளை உனக்கு!

மனைவி காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, தராசைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினார். ஸ்பிரிங் புதிதாகத்தான் இருந்தது. இங்கேதான் அவர் தன் தொழில் தர்மத்திலிருந்து தவறினார். சந்தேகத் தராசை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். முத்திரை போட்ட எடைக்கற்களை ஏற்றிப் பார்க்காமல் திருகாணியைத் தொடவே கூடாது. அந்தக் கற்கள் கடையில் இருந்தன. கடையோ கூப்பிடு தூரம். ஆனால், 'என் எடை எனக்குத் தெரியாதா?' என்ற ஆங்காரத்தில், தன் உடம்பையே எடைக்கல்லாக வைத்துக்கொண்டார். ஏறிப் பார்ப்பார், இறங்குவார், ஸ்பிரிங்கை இறுக்குவார், முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார், மறுபடி ஏறுவார். கடைசியில் முள் ஆஸ்பத்திரி சொன்ன பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"வந்தியா வழிக்கு!" என்று தராசைத் தட்டிக்கொடுத்தார். கை தன்னிச்சையாகக் கருவிப் பைக்குள் போய்ச் சின்னக் குப்பியை எடுத்தது. திருகாணித் தலையில் ஒரு சொட்டு வைத்து, ஊதிக் காயவைத்து, தட்டை மூடினார்.

அதற்குப்பின் காலை எடை பார்ப்பதே ஒரு கொண்டாட்டமாகிவிட்டது. "இந்தாம்மா, வந்து பாரு. ஒரு கோடு ஏறியிருக்கா? நீயே சொல்லு." அவளும் குனிந்து பார்ப்பாள். ஏறவில்லைதான்.

ஆனால் செருப்பு வார் மாட்டவில்லை. செருப்புத் தைக்கிறவன் வாரைக் குறைத்துவிட்டான் என்றார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. கொசுக்கடி என்றார். ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. பஞ்சு அமுங்கிவிட்டது என்றார். மனுஷனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

நெஞ்சுக்கு மட்டும் அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. கடையில் குனிந்து ஒரு முள்ளை நேராக்கிக்கொண்டிருந்தபோது அது முதலில் வந்தது. உள்ளே ஏதோ திடுதிடுவென்று ஓடி, சட்டென்று நின்று, என்னமோ மறந்துபோனதுபோல் யோசித்து, மறுபடி ஓடியது. கண் இருட்டியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயம் என்றால் அப்படி ஒரு பயம் அவர் வாழ்க்கையில் பட்டதில்லை. வீட்டுக்கு வந்து, மனைவி பார்க்காதபோது பிபி மெஷினைக் கட்டிக்கொண்டு பட்டனைத் தட்டினார். மூலையில் இதயப் படம் மின்னியது. மறுபடி தட்டினார். மறுபடியும் மின்னியது.

"விக்கிறவன் மெஷின் விக்கிறவன் சொல்றதைத்தான் சொல்லும்" என்று முணுமுணுத்தபடி அதன் பாட்டரிகளைப் பிடுங்கி அலமாரிக்குப் பின்னால் போட்டார். மனைவி கேட்டதற்கு, தீர்ந்துவிட்டது என்றார். அவளிடம் அவர் சொன்ன பொய்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். அதில் ஒன்றைக்கூட அவள் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை.

அந்த அம்மாளை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. சந்தேகக்காரரோடு குடும்பம் நடத்தி நடத்தி அவளுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பெருக்கும்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து பாட்டரிகள் உருண்டு வந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, எடை மட்டும் ஏறவில்லை. அந்த எடையை நம்பித்தானே டாக்டரம்மாவிடம் போகாமல் இருக்கிறோம்? தராசு சரியில்லை. தராசை வாங்கி வந்தது யார்? கணவர் ராவும் பகலும் 'பட்டன், பட்டன்' என்று பொருமியது காதுக்குள் ஓடியது. ஐயையோ, மாப்பிள்ளையா! மகளைக் கொடுத்த இடமாயிற்றே! ஆனாலும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, உடனே கடைக்கு வரச் சொன்னாள். தராசைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

முள்ளுக்காரர் பட்டறையில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மனைவி வந்தாள், பையிலிருந்து அந்தத் தராசு வந்தது, பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்தார். முள்ளுக்காரருக்கு வேர்த்துவிட்டது.

"இதை எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தே?"

"நீங்க ஊருக்குப் பண்றதை வீட்டுக்கும் பண்ணலாம்னுதான்" என்றாள். முத்திரை எடைக்கற்கள் இருந்த மரப்பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கல்லாகத் தராசில் வைத்தாள். இத்தனை வருஷம் பார்த்துப் பழகிய கை. கடைசிக் கல்லையும் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முள், நிற்க வேண்டிய இடத்துக்கு ரொம்பக் கீழேயே நின்றுவிட்டது.

"குறைச்சுக் காட்டுது" என்றாள். மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நீங்கதானே தம்பி வாங்கிட்டு வந்தீங்க? எடை ஏறுனது தெரியாம இந்த மனுஷன் வீட்டுலயே கிடக்கட்டும்னா?"

"அத்தை!" என்றார் மாப்பிள்ளை. "நானா? மாமா எலக்ட்ரானிக்கை நம்ப மாட்டார்னுதான் முள் தராசு தேடி ஊரெல்லாம் அலைஞ்சேன். இப்பல்லாம் அது எங்க கிடைக்குது? ஒரு பழைய கடை மூலையிலேர்ந்து எடுத்து, என் கடையில கல்லு வச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். அப்பச் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி மாறுச்சு? தானா திருகிக்கிச்சா?"

மாப்பிள்ளை கற்களை இறக்கி, தராசைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினார். மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். பிறகு தட்டை மெதுவாக மூடினார். மாமனார் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஸ்பிரிங் மட்டம் அத்தை" என்றார் தணிந்த குரலில். "நான்தான் சரியாப் பாக்காம வாங்கிட்டேன். தப்பு என்னோடது. மாமாவை இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். அப்புறமா என்னைத் திட்டுங்க."

"திட்டுறதா? என் பொண்ணை நினைச்சு வாயை அடக்கிக்கிட்டு நிக்கிறேன்!" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

முள்ளுக்காரர் அந்த மனிதரைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இத்தனை நாளும், எந்தப் பக்கம் சாய்வான் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்த ஆள். இப்போது சாய்ந்துவிட்டான், மாமனார் பக்கமாக. செய்யாத திருட்டைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, செருப்படி பட்டவன்போல நிற்கிறான். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், மானம் தப்பித்துவிடும். நெஞ்சுக்குள் அந்த ஓட்டம் மறுபடி தொடங்கியது. ஓடியது, நின்றது, யோசித்தது, தாறுமாறாக ஓடியது.

"திருகாணியில சிவப்பு இருக்கும் பாரு" என்றார்.

"என்ன?"

"தட்டைக் கழட்டிப் பாரும்மா. என் நெயில் பாலிஷ். நான்தான் திருகினேன். மாப்பிள்ளை அதைப் பாத்துட்டுத்தான் மூடினார்."

அவள் கழற்றிப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். "ஊரான் வீட்டுத் தராசை ஒரு கோடு சாய்க்க மாட்டேன்னு தலைகீழா நின்னீங்களே! உங்களைச் சாகடிக்கவா சாய்ச்சீங்க? அப்ப நெஞ்சு? அந்த பாட்டரி?"

"அடிக்குது. நின்னு நின்னு அடிக்குது. பட்டறையில ஒருநாள் விழப் பாத்தேன்."

"பாவி மனுஷா" என்றாள்.

கடையின் மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய தராசு உண்டு. மூட்டை நிறுப்பது. அவரே உருக்கொடுத்துக் கட்டியது. கடைவீதியே அதை வைத்துத்தான் சண்டை தீர்த்துக்கொள்ளும். அதன் முள் அவ்வளவு நுணுக்கமானது. ஆள் ஏறி மூச்சைப் பிடித்து நின்றால், முள் நுனி நெஞ்சுத் துடிப்புக்கு ஏற்ப டக் டக்கென்று துளித் துளியாக ஆடும். சின்னப் பிள்ளைகளை ஏற்றி அதைக் காட்டிச் சிரிக்க வைப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அந்த மூலைப் பக்கமே அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று தன்னைத்தானே அவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. எல்லோரையும் சந்தேகப்பட்டவர் அந்த ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டார்.

மேசையைப் பிடித்தபடி எழுந்து போய் அந்தத் தராசின் மேல் ஏறினார். மாப்பிள்ளை தாங்கப் பிடிக்க வந்தவர், "கை வச்சா எடை மாறும், விடுங்க" என்ற அதட்டலுக்கு நின்றுவிட்டார். முள் சுற்றிப் போய், ஆஸ்பத்திரி சொன்ன இடத்தைத் தாண்டி, வெகுவாகத் தாண்டி நின்றது. அப்புறம் நுனி ஆட ஆரம்பித்தது. இரண்டு ஆட்டம் நெருக்கமாக வந்தன. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு குடுகுடுவென்று மூன்று, ஒரு நொண்டல், மறுபடி ஓட்டம்.

ஸ்பிரிங் இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்தால் முள் ஒரு இடத்தில் நிற்காது, தத்தளிக்கும் என்று எத்தனை பேருக்கு அவர் பாடம் எடுத்திருக்கிறார்! டாக்டரம்மா சொன்னதும் அதேதானே? அன்றைக்கு அது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

"இதை யாரும் திருகலை" என்றார் முள்ளைப் பார்த்தபடி. "வண்டி கூப்பிடுங்க மாப்பிள்ளை. பயமா இருக்கு."

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா நீளக் காகிதத்தைப் பார்த்து உதட்டைக் கடித்தார். தாளம் தப்பிவிட்டது, நீர் ஏறியதுதான் அதைக் கிளப்பிவிட்டிருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து உடனே தொடங்க வேண்டும், இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் வாதத்தில் கை கால் விழுந்தோ, அதைவிட மோசமாகவோதான் கொண்டுவந்திருப்பீர்கள் என்றார். "தினம் எடை பாக்கச் சொன்னேனே, பாக்கலையா?" என்று கேட்டார்.

"பாத்தேம்மா" என்றார் முள்ளுக்காரர். "எனக்குப் பிடிச்ச மாதிரி பாத்தேன்."

வார்டுக்குக் கொண்டுபோகுமுன் நர்ஸ் எடை பார்க்க நிறுத்தினாள். எலக்ட்ரானிக் தராசு. எண் ஒளிரும் பெட்டி அவருக்குப் பின்பக்கச் சுவரில் இருந்தது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இந்த மனுஷன் இப்போது, இதை யார் சரிபார்த்தது, முத்திரை எங்கே என்று ஆரம்பிப்பாரே!

அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீங்கின காலைத் தூக்கி மேலே வைத்து ஏறி நின்றார்.

"மாப்பிள்ளை" என்றார். "எவ்வளவு காட்டுதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

மாப்பிள்ளை சொன்னார். முள்ளுக்காரர் சரியென்று தலையாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.